இன்னொரு திரை கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் "மாமா, ரெண்டாவது மானிட்டர் வாங்கலாமா?" என்று ஒரு வரி. அதன் கீழே ஏழு படம். ஒவ்வொன்றும் முந்தினதை விடப் பெரிசு, விலையும் அப்படியே. ஏழாவது மானிட்டரே இல்லை, டூரிங் டாக்கீஸ். பதிலைப் போனிலேயே தட்டிப் பார்த்தேன், கட்டை விரல் மறுத்துவிட்டது. அதனால் கடிதம். முழுசும் படி. பாதியில் எழுந்து போய் ஆர்டர் போட்டுவிட்டு மீதியை அப்புறம் படிக்கிற வழக்கம் உனக்கு உண்டு. அந்த ஏர் ஃப்ரையர் இன்னும் உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

முதலில் என் சந்தேகத்தைத் தீர்த்து வை. நீ கேட்பது இரண்டாவது மானிட்டரா, முதல் மானிட்டரா? லேப்டாப்பின் 14 அங்குலத்தை ஒன்று என்று கணக்கில் வைத்துக்கொண்டு பேசுகிறாய். போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேனே: சாப்பாட்டு மேசையில் லேப்டாப், எக்ஸெல்லை 70 சதவீதத்துக்குச் சுருக்கி வைத்திருக்கிறாய், மூக்குக்கும் திரைக்கும் ஒரு சாண் இல்லை. "பூனை பால் சட்டியை எட்டிப் பாக்குற மாதிரி உக்காந்திருக்கான் பாரு" என்றாள் அக்கா. அக்கா சொல்வதில் பாதியை நான் ஏற்பதில்லை, இதை ஏற்கிறேன். உனக்கு ஒழுங்கான ஒரு மானிட்டர் போதும். அது வந்துவிட்டால் லேப்டாப் தானாகவே இரண்டாவது திரையாகிவிடும். இரண்டு பெட்டி வாங்கி, லேப்டாப்பையும் திறந்து வைத்து, மூன்று திரைக்கு நடுவில் உட்காருவது பங்குச் சந்தைத் தரகர் வேஷம்.

"ஆபீஸ்ல எல்லாரும் மூணு வெச்சிருக்காங்க மாமா, பில் கேட்ஸே மூணு வெச்சிருந்தாராமே" என்பாய். வைத்திருந்தார். 2006-இல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் அவரே சொன்னார்: இடது திரையில் மின்னஞ்சல் பட்டியல், நடுவில் படிக்கிற அஞ்சல், வலதில் பிரவுசர். அவருக்கு வேலையே வருகிற அஞ்சலைப் பார்ப்பதுதான். உனக்கு வேலை என்ன என்று பார்ப்போம்.

நாளைக்கு உட்காரும்போது பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வை. ஆல்ட்-டேப் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. நாலு கோடு, குறுக்கே அஞ்சாவது. டேலியில் வேலை பார்க்கிறவனுக்கு டேலி போடச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் போதும். கோடு பத்துக்குள் இருந்தால் உனக்கு மானிட்டர் வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கு. சீட்டு நிரம்பி மறுபக்கம் திருப்பினாய் என்றால் மேலே படி.

உன் சீட்டு நிரம்பும் என்றுதான் தோன்றுகிறது. மாதம் 14 ஆனால் ஜிஎஸ்டிஆர்-2பி வந்து விழும். 20-க்குள் 3பி போட்டாக வேண்டும். அந்த ஆறு நாளும் பெற்றவள் போனைக்கூட நீ எடுப்பதில்லை. ஒரு பக்கம் போர்ட்டலில் இறக்கின 2பி, இன்னொரு பக்கம் கட்சிக்காரரின் பர்சேஸ் ரிஜிஸ்டர். "வி-லுக்கப் போட்டா அதுவா மேட்ச் ஆயிடும் மாமா" என்று நீ சிரிப்பது கேட்கிறது. ஆகிறது ஆகட்டும். ஆகாமல் மிஞ்சுகிற முப்பது வரி இருக்கிறதே, அதற்குத்தானே உனக்குச் சம்பளம்? பில்லில் 0023 என்று இருக்கும், ரிஜிஸ்டரில் வெறும் 23. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். அப்புறம் ஒரு மூன்று. அதற்குள் எங்கேயோ சைபர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 'ஓ' அடித்து வைத்திருப்பார்கள். நீ அந்தப் பதினைந்தையும் மனசில் ஏந்திக்கொண்டு ஒரு ஜன்னலை மூடி மற்றதைத் திறக்கிறாய். வாசல்படி தாண்டுவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. திரும்பிப் போய் மறுபடி அள்ளிக்கொண்டு வருகிறாய். இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன் இருந்தால் மனசு எதையும் சுமக்க வேண்டாம், கண் போய்விட்டு வந்துவிடும். இரண்டாவது திரைக்கு இருக்கிற நியாயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

விண்டோஸ் 10-இல் வந்ததே விர்ச்சுவல் டெஸ்க்டாப், காசில்லாமல் நாலு திரை கிடைக்கிறதே என்று உன் சிநேகிதன் சொல்வான். நல்ல வசதிதான். ஆனால் அதுவும் ஒன்றை மறைத்துத்தான் மற்றதைக் காட்டும். அலமாரியில் நாலு தட்டு இருக்கிறது என்பதும், இரண்டு புத்தகத்தை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதும் ஒன்றா?

இன்னொன்று, உன் தொழிலுக்கும் இரண்டு திரைக்கும் பழைய உறவு. 1980-களின் ஐபிஎம் பிசி-யில் எழுத்துக்கு ஒரு கார்டு, கலருக்கு ஒரு கார்டு என்று இருந்தன. இரண்டையும் ஒரே பெட்டியில் செருகி இரண்டு திரை ஓட்டலாம். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதைப் பிடித்துக்கொண்டது: கணக்கு ஒரு திரையில், அதே கணக்கின் கிராஃப் கலர்த் திரையில். கணக்குப் பிள்ளைகள் இரட்டைத் திரை பார்த்த பிறகுதான் 1987-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் 2 வந்தது, பல திரைகளை ஒரே மேசைபோல் ஒட்டிக் காட்டியது. வீட்டு விண்டோஸ்காரர்களுக்கு அந்த யோகம் விண்டோஸ் 98-இல்தான். அது ஒன்பது திரை வரை ஏற்கும். ஒன்பது என்றதும் உன் கண் விரிந்ததே, அதை மூடு.

அளவுக்கு வருகிறேன். நீ அனுப்பின நாலாவது படம், 27 அங்குலம், விலை குறைவு. ஏன் குறைவு என்று பார்த்தாயா? புள்ளி 1920-க்கு 1080. அதே புள்ளிகள்தான் 24 அங்குலத்திலும். பரோட்டா மாவு அதே அளவுதான், விசிறினது மட்டும் அகலம். 24-இல் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி விழும். 27-இல் 82. உன் லேப்டாப்பில் 157. ஆகவே லேப்டாப்பிலிருந்து கண்ணைத் திருப்பியதும் எழுத்தெல்லாம் சொரசொரவென்று தெரியும். இங்கிலீஷ் எழுத்தை அதில் எப்படியோ ஓட்டிவிடலாம். நான் மெய்ப்புப் பார்க்கிறவன். அப்படி ஒரு திரையில் சின்ன எழுத்தில் மூன்று சுழி 'ண'வா இரண்டு சுழி 'ன'வா என்று சுழியை எண்ணி எண்ணி ஒரு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். 27 வேண்டுமானால் 2560-க்கு 1440 புள்ளி உள்ளதாக எடு. இல்லையென்றால் 24-இல் நில்.

24-ஐக் குறைவாக நினைக்காதே. உயரம் ஏறக்குறைய 30 செ.மீ., அகலம் 53. ஏ4 தாள் 29.7-க்கு 21. அசல் அளவில் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கையகலம் மிஞ்சும். 2008-இல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒற்றை 18 அங்குலத்தை விட 24 அங்குலத்திலும் இரட்டை 20 அங்குலத்திலும் வேலை வேகமாக நடந்தது, 26-க்குப் போனதும் பலன் இறங்கிவிட்டது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது என்இசி, மானிட்டர் விற்கிற கம்பெனி. அவர்கள் பணத்திலேயே "ரொம்பப் பெரிசு வேண்டாம்" என்று வந்ததால்தான் எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை.

இனி நீ நிச்சயம் செய்யப்போகிற தப்பு. மானிட்டர் வந்ததும் அதை லேப்டாப்புக்கு இடது பக்கம் தள்ளி வைப்பாய், ஏனென்றால் நடு இடம் லேப்டாப்புக்கு என்று உன் மனசில் பட்டா போட்டிருக்கிறாய். நானும் அதைத்தான் செய்தேன். மொழிபெயர்ப்பு வேலை, மூலம் இடது திரையில், நான் எழுதுவது நேரே. மூன்றாவது மாசம் கழுத்து ஒரு பக்கமாகப் பூட்டிக்கொண்டது. டாக்டர் கழுத்தைத் தொடவே இல்லை. "எந்தப் பக்கம் திரும்பி உக்காருவீங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

அப்போதுதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஞாபகம் வந்தது. லோயர், ஹையர் என்று நாங்கள் படித்த காலத்தில் மாஸ்டர் பின்னால் வந்து நிற்பார். மெஷினில் ஓடுகிற தாளைப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு. "கண்ணு காப்பியில இருக்கணும்டா, அடிக்கிறது விரல் பாத்துக்கும்." நாற்பது வருஷம் கழித்து அந்தக் குட்டுக்கு அர்த்தம் புரிந்தது. கை எங்கே வேலை செய்கிறதோ அதை நேரே வைக்கக்கூடாது. கண் எங்கே அதிகம் தங்குகிறதோ அதைத்தான் நேரே வைக்க வேண்டும். மூலத்தை நேரே கொண்டுவந்தேன், எழுதுவதைப் பக்கத்தில் போட்டேன், கழுத்து பேசாமல் இருக்கிறது. உனக்கு அந்த முப்பது வரியைத் தேடுகிற ரிஜிஸ்டர் நேரே, 2பி பக்கத்தில். பாதிக்குப் பாதி இரண்டையும் பார்க்கிற வேலையென்றால் இரண்டு திரையும் நடுவில் தொட்டுக்கொண்டு, புத்தகம் விரித்த மாதிரி லேசாக உள்ளே திரும்பியிருக்கட்டும். ஆனால் நாள் முழுக்க அந்த இடுக்கைப் பார்த்தபடி உட்காராதே. இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி எந்தப் பக்கமும் முழுசாகத் திரும்பாமல் கழுத்து போகும்.

உயரமும் பார். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ வர வேண்டும். மலிவான மானிட்டர்களின் ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயும், மேலே ஏறாது. என்னிடம் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டு இருக்கிறது, எடுத்துப்போ. அதற்காகவே அவற்றைப் பழைய பேப்பர்காரரிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன். என்னைப்போல் இரண்டு பவர் கண்ணாடி போடுகிற வயசு உனக்கு வரும்போது மட்டும் திரையை இன்னும் இறக்கிக்கொள். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடி வழியாகப் படிக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பாய், தெருவில் விமானம் போகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. தூரம், கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும். உன் மேசை எத்தனை ஆழம்? அளந்து சொல்லாமல் எதையும் வாங்காதே.

கம்பி விஷயம். எச்டிஎம்ஐ ஓட்டை உன் லேப்டாப்பில் இருக்கிறது, பிரச்சினை இல்லை. "யுஎஸ்பி-சி-யும் இருக்கு மாமா, அதுலயே இன்னொண்ணு மாட்டிக்கலாம்" என்று நம்பி இறங்காதே. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா யுஎஸ்பி-சி ஓட்டையிலும் படம் வராது. சிலது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் கேபிள் வாங்கு. உன் தங்கையின் மேக்புக் ஏர் எம்1 வகை. அது வெளித்திரை ஒன்றுக்கு மேல் ஏற்காது, அவளும் ஆசைப்பட்டுவிடப் போகிறாள். கடையில் 'எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர்' என்று நானூறு ரூபாய்க்கு ஒன்று நீட்டுவார்கள். அது ஒரே படத்தை இரண்டு இடத்தில் காட்டும், கல்யாண மண்டபத்தில் மேடையை டைனிங் ஹாலில் காட்டுகிற மாதிரி. உனக்கு அது உதவாது.

மாட்டியதும் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியலாம். உடனே கடைக்காரரைத் திட்டாதே. விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்து, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடு. அப்புறம் டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கும். மேசையில் எது இடது எது வலது என்பதைப் பார்த்து அப்படியே இழுத்து வை, மேலே கீழேயும் சேர்த்து. இதைச் செய்யாமல் விட்டவன் ஒருவனை எனக்குத் தெரியும். மவுஸ் வலது ஓரத்தில் போய்ச் சுவரில் முட்டும், இடது ஓரத்தில் போனால் வலது திரையில் முளைக்கும். ஒரு வாரம் அப்படியே பழகிக்கொண்டான். அந்தப் புத்திசாலி நான்தான், யாரிடமும் சொல்லாதே. எழுத்தளவு இரண்டு திரையிலும் ஒட்டவில்லையென்றால் அதே இடத்தில் 'ஸ்கேல்' இருக்கிறது. லேப்டாப்புக்கு 150, மானிட்டருக்கு 100 என்று தனித்தனியாக வைக்கலாம்.

மானிட்டரைக் கழற்றிவிட்டு ஆபீஸ் போனபின் ஏதாவது ஜன்னல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறந்துகொண்டு, டாஸ்க்பாரில் மட்டும் இருந்து வேடிக்கை காட்டும். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்துத் தட்டு, ஒரு திரையிலிருந்து மற்றதுக்குத் தாவும். தினசரி வேலையிலும் இழுத்துக்கொண்டு அலையாமல் இந்த மூன்றைப் பழகு.

மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது முழுத் திரையைக் கொடுக்காதே, அந்த ஒரு ஜன்னலை மட்டும் கொடு. இரண்டு திரை வைத்திருக்கிறவன் எப்போதும் தப்பான திரையைத்தான் கொடுப்பான். ஒரு பதிப்பாளரோடு பேசும்போது நான் கொடுத்த திரையில் அவர் புத்தகத்தைப் பற்றி என் நண்பருக்கு எழுதிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் திறந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பதிப்பகத்திலிருந்து வேலை வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

வாட்ஸ்அப் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது திரையில் 2பி இருக்கும் என்று நீ சொல்கிறாய். ஐபிஎல் சமயத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஸ்கோர் மட்டும் ஓரமா ஓடட்டும் மாமா." ஓரமாக ஓடுகிறதைத்தான் கண் முதலில் பிடிக்கும். நேரே இருக்கிறது அசையாது, ஓரத்தில் அசைகிறது. பாம்புக்குப் பயந்து பிழைத்த கண் எதைப் பார்க்கும்? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஃபர்ஹாத் மஞ்சூ ஒரு காலத்தில் இரட்டைத் திரைக்கு வக்காலத்து வாங்கியவர். 2014-இல் நியூயார்க் டைம்ஸில் கட்சி மாறி, ஒற்றைத் திரைதான் கவனத்துக்கு நல்லது என்று எழுதினார். அவர் பாதி சரி. ஒரே கட்டுரையை உட்கார்ந்து எழுதுகிற நாளில் நானும் பக்கத்துத் திரையை அணைத்துவிடுகிறேன். பட்டனை அழுத்தினால் அணைகிறது, விற்றுவிடவா வேண்டும்? நீயும் 20-ஆம் தேதிக்குப் பிறகு பத்து நாள் அணைத்து வை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழசு மலிவாகக் கிடைக்கும் என்று உன் சென்னை சிநேகிதனை அனுப்பப் போகிறாய் என்றால், முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டையும் திரை நிறைய வைத்துப் பார்க்கச் சொல். செத்த புள்ளியும் ஓரத்து வெளிச்சக் கசிவும் அதில்தான் தெரியும். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற மீன்தொட்டி வீடியோவில் தெரியாது. வாங்கினதை யுபிஎஸ்ஸில் மாட்ட மறக்காதே. இருபது, இருபத்தைந்து வாட்தான் இழுக்கும். கரண்ட் போனதும் லேப்டாப் மட்டும் பிழைத்து, 2பி இருந்த திரை இருட்டானால் என்ன பிரயோஜனம்?

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "டிவி மாதிரி" என்ற வார்த்தையை மட்டும் வாயிலிருந்து விடாதே. கழுத்து வலி என்று சொல்லு. வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. என் 22 அங்குலப் பழசு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பின்னால் விஜிஏ ஓட்டை மட்டும்தான், அதற்கு மாற்றுக் கம்பியும் தருகிறேன். ஒரு மாசம் அதை வைத்துப் பார். உபயோகமாக இருந்தால் புதுசு வாங்கு, இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியிலேயே போட்டுவிடு. 14-ஆம் தேதிக்கு முன்னால் வருகிற ஞாயிறாக இருக்கட்டும். அதற்கப்புறம் வந்தால் அத்தை போடுகிற இலையிலும் நீ ஜிஎஸ்டி நம்பரைத்தான் தேடுவாய்.

வரும்போது மேசையின் ஆழத்தை அளந்து எழுதி எடுத்து வா. சாணில் இல்லை, செ.மீ.-இல்.

அன்புடன்,
மாமா